கவிதைப் போட்டி அறிவிப்பைக் கடைசியிலிருந்து படியுங்கள்

சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் போன வருடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வீட்டுக்கு வந்தான். "அண்ணாச்சி, சர்டிபிகேட் பன்னெண்டு கெடக்கு. ஒரு கவிதகூட இன்னும் அச்சுல வரல்ல" என்றான். புரட்டினேன். பன்னிரண்டும் வழவழப்பான தாள், தங்க நிற ஓரம். இரண்டில் அவனுக்குப் பட்டப்பெயரும் சூட்டியிருந்தார்கள். பிறகு கவிதைகளை வாங்கி வாசித்தேன். நான்கைந்து கவிதைகள் எந்த நல்ல இதழுக்கும் அனுப்பத் தகுந்தவை. கோளாறு எழுத்தில் இல்லை, அனுப்பிய முகவரிகளில் இருந்தது.

அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு தமிழில் கவிதை எழுதுகிற, முதல் தொகுப்பு இன்னும் வராத எவருக்கும் இது உதவும்.

போட்டி அறிவிப்பு ஒன்று கையில் கிடைத்ததும் கண் தானாகப் பரிசுத் தொகைக்குப் போகும். அதை விட்டுவிட்டு விதிமுறைகளின் கடைசி மூன்று வரிகளுக்குப் போங்கள். தேர்வான கவிதை எங்கே வெளிவரும், எப்போது வரும், யார் வெளியிடுவார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் இருக்க வேண்டும். "தேர்வு பெறும் கவிதைகள் எங்கள் இதழின் பொங்கல் மலரில் வெளியாகும்" என்று ஒரு வரி இருந்தால் அது நல்ல அறிவிப்பு. "பங்கேற்கும் அனைவருக்கும் மின் சான்றிதழ்" என்பதோடு முடிந்துவிட்டால் அதில் உங்களுக்குக் கிடைக்கப்போவது மின் சான்றிதழ் மட்டுமே. ஐயாயிரம் ரூபாய் பரிசும் சான்றிதழும் தருகிற போட்டியைவிட, ஐந்நூறு ரூபாயும் ஒரு மதிப்புள்ள இதழில் ஒரு பக்கமும் தருகிற போட்டிதான் கவிஞருக்கு லாபம் என்பது என் கணக்கு. பணம் அந்த மாதமே செலவாகிவிடும். அச்சான பக்கத்தை அடுத்த பதிப்பாசிரியரிடம் காட்டலாம்.

அடுத்து நடுவர் யார் என்று பாருங்கள். பெயர் போட்டிருந்தால் அவர்களுடைய கவிதைகளைத் தேடி ஒரு மணி நேரமாவது வாசியுங்கள். அவர்களைப் போல எழுதுவதற்காக அல்ல, உங்கள் கவிதையின் காது அவர்களுக்கு உண்டா என்று தெரிந்துகொள்வதற்காக. வெண்பாவும் விருத்தமும் எழுதுகிற நடுவர் குழுவுக்கு உரைநடையில் ஓடும் கவிதையை அனுப்பிவிட்டு வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

இரண்டு ஏணிகள்

நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு விஷயத்தில் குழம்பிப்போகிறார்கள். சுற்றிலும் இருப்பது மலையாள இலக்கியச் சூழல். அங்கே போட்டி என்பது பழைய, பலமான வாசல். நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் 1954இல் உலகச் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தியது. அதன் பகுதியாக மாத்ருபூமி நடத்திய மலையாளப் போட்டியில் 'வளர்த்துமிருகங்கள்' கதைக்குப் பரிசு வாங்கியபோது எம்.டி. வாசுதேவன் நாயருக்கு இருபதை ஒட்டிய வயது. 1970இல் மாத்ருபூமி போட்டியில் 'சிசு' கதை மூலம் என்.எஸ். மாதவன் தெரியவந்தார். கல்லூரி மாணவர்களின் கதைகளையும் கவிதைகளையும் அந்த வார இதழின் விஷுப் பதிப்புப் போட்டி தலைமுறை தலைமுறையாக வெளியே கொண்டுவந்திருக்கிறது. 1957இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவத்தில் ஆட்டம் பாட்டத்தோடு எழுத்துப் போட்டிகளும் உண்டு. 2025 ஜனவரியில் அது திருவனந்தபுரத்தில் நடந்தபோது ஊரே திருவிழாவாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

இதைப் பார்த்து வளர்கிறவர்கள் தமிழிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழில் கதைக்கும் நாவலுக்கும் ஓரளவு அப்படி நடந்தது. வார இதழ்களின் சிறுகதைப் போட்டிகளும் நாவல் போட்டிகளும் பெயர்களை உண்டாக்கின. நவீன கவிதைக்கு நடந்தது வேறு. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் வந்த கவிதைகளிலிருந்து 24 பேரின் 63 கவிதைகளைத் தேர்ந்து 1962இல் 'புதுக்குரல்கள்' என்று தொகுப்பாகக் கொண்டுவந்தார். பரிசு கிடையாது, மேடை கிடையாது. அந்தத் தொகுப்பில் இடம்பெற்ற டி.கே. துரைஸ்வாமி நம் ஊர்க்காரர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். நகுலன் என்றால்தான் இன்று தெரியும். அவரே 1968இல் இங்கிருந்து 'குருக்ஷேத்திரம்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதே ஊரில் வாழ்ந்த ஐயப்ப பணிக்கரின் 'குருக்ஷேத்ரம்' என்ற மலையாள நீள்கவிதை 1960லேயே வெளிவந்திருந்தது. ஒரே ஊர், இரண்டு மொழி, ஒரே தலைப்பு. மலையாளத்திலும் தமிழிலும் புதுக்கவிதை பேசப்பட்ட அந்தக் காலத் திருவனந்தபுரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

ஆக, தமிழில் ஒரு போட்டி உங்கள் கவிதையை அச்சில் ஏற்றலாம், உங்களைக் கவிஞராக நிலைநிறுத்தும் வேலையைச் சிற்றிதழும் தொகுப்பும்தான் செய்யும். இரண்டு காலிலும் நடக்க வேண்டும். வருடத்துக்கு ஆறு போட்டிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் பன்னிரண்டு முறை இதழ்களுக்கும் அனுப்புங்கள். காலச்சுவடு நடத்தப்படும் நாகர்கோவில் நம்மிடமிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. சென்னை தூரமாகத் தெரிகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கணையாழி, உயிர்மை, காலச்சுவடு ஆகியவற்றின் அண்மை இதழ்களை வாங்கிப் படிக்காமல் எதற்கும் அனுப்பாதீர்கள். கையில் காசு குறைவு என்றால் பாளையத்தில் 1829இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம் இருக்கிறது, அங்கே தமிழ்ப் புத்தகங்களும் உண்டு.

முதல் பரிசு வாங்கினால் தொகுப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு விஜய் நம்பீசனின் கதையைச் சொல்வேன். ஆங்கிலத்தில் எழுதிய மலையாளி, நெய்வேலியில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் படித்தவர். போயட்ரி சொசைட்டி (இந்தியா), பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து 1988இல் நடத்திய முதல் அகில இந்தியக் கவிதைப் போட்டியில் அவருடைய 'மெட்ராஸ் சென்ட்ரல்' கவிதைக்கு முதல் பரிசு கிடைத்தது. இன்றுவரை தொகுப்புகளில் இடம்பெறும் கவிதை அது. ஆனால் அவர் கவிதைகள் புத்தகமானது 1992இல், அதுவும் ஜீத் தயிலோடு பங்கிட்டுக்கொண்ட 'ஜெமினி'யில். தனக்கென்று தனித் தொகுப்பாக 'ஃபர்ஸ்ட் இன்ஃபினிட்டீஸ்' வந்தது 2015இல். 2017இல் அவர் காலமாகிவிட்டார். பரிசுக்கும் தனிப் புத்தகத்துக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள். பரிசு கிடைத்த வாரத்திலேயே அடுத்த ஐம்பது கவிதைகளைப் பற்றி யோசிக்கத் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எங்கே அனுப்பலாம்

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். திருவனந்தபுரம் தமிழ்ச் சங்கம், காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை, கல்லூரித் தமிழ் மன்றங்கள் ஆகிய இடங்களில் நடக்கும் போட்டிகளுக்குப் பரிசுத் தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் நடுவராக வருகிறவர் நேரில் இருப்பார். முடிவு அறிவித்த பிறகு அவரிடம் போய், "என் கவிதையில் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்கலாம். இந்த ஐந்து நிமிடப் பேச்சு எந்த இணையப் போட்டியிலும் கிடைக்காது. டெக்னோபார்க்கில் வேலை செய்கிறவர்களுக்கு பிரதித்வனி அமைப்பு 'சிருஷ்டி' என்ற இலக்கியப் போட்டியை நடத்துகிறது. தமிழுக்கு இடம் உண்டா என்று அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் இடம் வரும்.

தமிழ்நாட்டுப் போட்டிகளில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்டந்தோறும் நடத்தும் கவிதைப் போட்டிகள் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கானவை. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஆசையோடு எழுதிவிட்டுக் கடைசியில் தகுதிப் பத்தியில் முட்டிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சிங்கப்பூர் தேசியக் கலை மன்றத்தின் தங்கமுனை விருதும் இப்படித்தான். தமிழ்க் கவிதைக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆனால் அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். எனவே கடைசிப் பத்திக்கு அடுத்தபடி படிக்க வேண்டியது தகுதி. வயது, இருப்பிடம், முன்பே புத்தகம் வெளியிட்டிருக்கலாமா என்ற மூன்றும் அங்கே இருக்கும்.

இருப்பிடம் தடையாக இல்லாத போட்டிகளும் நிறைய. இயக்குநர் லிங்குசாமி கவிக்கோ அப்துல் ரகுமான் பெயரில் ஹைக்கூ போட்டி நடத்துகிறார். தேர்வான கவிதைகள் புத்தகமாகின்றன. ஹைக்கூ எழுதுகிறவர்கள் அதைக் கவனிக்கலாம். இதழ்கள் தங்கள் ஆண்டுவிழாவையும் நினைவு நாள்களையும் ஒட்டி அறிவிக்கும் போட்டிகளுக்கு ஊர் வித்தியாசம் இருப்பதில்லை. ஆங்கிலத்திலும் எழுதுகிற தமிழ்ப் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுக்கு ஐதராபாத்தின் ஸ்ரீநிவாஸ் ராயப்ரோல் கவிதைப் பரிசு 20 முதல் 40 வயது வரை திறந்திருக்கிறது. பெங்களூரின் டோட்டோ விருது முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கானது. மலையாளத்தில் எழுதத் தைரியம் இருந்தால் கேரள சாகித்ய அகாதெமியின் கனகஸ்ரீ விருது இளம் கவிஞர்களுக்கானது. நீல பத்மநாபன் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியவர். மின்வாரியப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்தார். இரண்டு மொழி என்பது இந்த ஊர் நமக்குத் தரும் கூடுதல் கை.

பணம் கேட்டால்

இந்த இடத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்.

வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு இப்படி இருக்கும்: ஆயிரம் கவிஞர்கள் எழுதும் மாபெரும் தொகுப்பு, உலக சாதனை, கவிதை அனுப்பக் கட்டணம் இல்லை. அனுப்பியதும் மறுநாளே "வாழ்த்துகள், உங்கள் கவிதை தேர்வு பெற்றது" என்று பதில் வரும். அதற்கு அடுத்த செய்தியில் பணம். பிரதிக்கு இவ்வளவு, விருது விழாவில் மேடையேற இவ்வளவு, நினைவுப் பரிசுக்கு இவ்வளவு. சாலைப் பையனின் பன்னிரண்டில் ஏழு இந்த ரகம். எல்லாமாகச் சேர்த்து அவன் கட்டிய பணத்தில் மூன்று சிற்றிதழ்களுக்குப் பல ஆண்டுச் சந்தா கட்டியிருக்கலாம்.

இது நம்மூர்க் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்திலிருந்து இயங்கிய இன்டர்நேஷனல் லைப்ரரி ஆஃப் போயட்ரி பல ஆண்டுகள் இதையே பெரிய அளவில் செய்தது. யார் எதை அனுப்பினாலும் அரையிறுதிக்குத் தேர்வு என்று கடிதம் வரும். கவிதை தடித்த தொகுப்பில் சேரும், அந்தத் தொகுப்பை எழுதியவரே ஐம்பது டாலர் அளவில் கொடுத்து வாங்க வேண்டும். சந்தேகப்பட்டவர்கள் வேண்டுமென்றே உளறலை எழுதி அனுப்பினார்கள், அதுவும் தேர்வானது. அந்த உளறல்களில் ஒன்றை அனுப்பியவர் வைத்துக்கொண்ட புனைபெயரான வெர்கல் ஃப்ளாம்ப் என்பதையே சூட்டி 2001இல் வின்னிங் ரைட்டர்ஸ் நிறுவனம் இலவச நகைச்சுவைக் கவிதைப் போட்டி ஒன்றைத் தொடங்கியது.

எல்லாக் கட்டணமும் மோசடி என்று சொல்லவரவில்லை. ஆங்கிலக் கவிதை உலகில் முதல் தொகுப்பைப் போட்டி மூலம் வெளியிடும் மரபு நீண்டது. யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் வரிசை 1919லிருந்து நடக்கிறது. அப்படிப்பட்ட பல போட்டிகளில் வாசிப்புக் கட்டணம் உண்டு. வித்தியாசத்தைக் கண்டுகொள்ள ஒரு கேள்வி போதும்: பணம் எப்போது கேட்கப்படுகிறது? அனுப்பும்போதே எல்லாரிடமும் ஒரே தொகை கேட்டு, அதை அறிவிப்பிலேயே போட்டிருந்தால் அது கட்டணம், கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் வசதி. தேர்வான பிறகு கேட்டால் அவர்களுக்கு வாடிக்கையாளர் நீங்கள்தான். அந்தத் தொகுப்பை வேறு யாரும் வாங்கப்போவதில்லை, எந்தப் பதிப்பாசிரியரும் அதைப் பிரசுரக் கணக்கில் சேர்க்கவும் மாட்டார். கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்தக் கவிதையைத் திருத்தி எழுதி, புதிய கவிதையாக்கி, நல்ல இடத்துக்கு அனுப்புங்கள்.

உரிமை யாரிடம்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 உங்கள் பக்கம் இருக்கிறது. கவிதையை எழுதிய கணத்திலேயே அதன் முதல் உரிமையாளர் நீங்கள். பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஆவணம் வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எவ்வளவு காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அந்தப் பிரிவே கொள்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "தேர்வான கவிதைகளை முதலில் வெளியிடும் உரிமையும் தொகுப்பில் சேர்க்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு" என்றிருந்தால் நியாயம். "அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளின் முழு உரிமையும் அமைப்புக்கே" என்றிருந்தால் நில்லுங்கள். தோற்ற கவிதையையும் சேர்த்துக் கேட்கிறார்கள். கூகுள் படிவத்தில் டிக் அடிக்குமுன் அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: "தேர்வாகாத கவிதைகளின் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்பதை உறுதிப்படுத்த வேண்டுகிறேன்." பெரும்பாலான அமைப்பாளர்கள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாசகம் அது, கேட்டால் மாற்றிவிடுவார்கள். பதில் வராவிட்டால் உங்கள் சிறந்த கவிதையை அங்கே அனுப்பாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழி. இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவராதது, வேறு இதழின் பரிசீலனையில் இல்லாதது, முடிவு தெரியும்வரை வேறெங்கும் அனுப்பமாட்டேன் என்று எழுதித் தருகிறோம். எழுதியதைக் காக்க வேண்டும். இன்று பல போட்டிகள் ஃபேஸ்புக் பதிவையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் வெளியீடாகவே எண்ணுகின்றன. எழுதிய அன்றிரவே பதிவு போட்டு நூறு லைக் வாங்கிய கவிதை மறுநாள் பல போட்டிகளுக்குச் செல்லாதது ஆகிவிடுகிறது. கவிதையை ஒரு மாதம் உள்ளே வைத்திருங்கள். செயற்கை நுண்ணறிவின் உதவியோடு எழுதவில்லை என்ற வரியும் உறுதிமொழிகளில் சேரத் தொடங்கியிருக்கிறது. அதிலும் பொய் வேண்டாம்.

நடுவரின் மேசை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். தலைப்பு, மழை. கட்டில் நூற்றுச் சொச்சம் தாள். முதல் நாற்பதில் முப்பது கவிதைகளில் குடையோ, காகிதக் கப்பலோ, வானம் பார்த்த விவசாயியோ இருந்தார்கள். எதுவும் மோசமாக எழுதப்படவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது கட்டில் ஒரு கவிதை வந்தது. தம்பானூரில் ஒரு மணி நேர மழைக்குத் தேங்கிய தண்ணீரில் பஸ் நின்றுபோகிறது, கண்டக்டர் டிக்கெட் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்குகிறார். அந்தப் பெண் பார்த்ததை எழுதியிருந்தாள். யாப்புப் பிழையும் ஒரு சந்திப் பிழையும் இருந்தன. அதற்குத்தான் பரிசு கொடுத்தோம்.

தலைப்பு கொடுத்த போட்டி என்றால் உங்கள் மனத்தில் முதலில் தோன்றும் காட்சியைத் தள்ளி வையுங்கள், அது எல்லார் மனத்திலும் தோன்றியிருக்கும். இரண்டாவதையும் தள்ளுங்கள். நீங்கள் வாழும் தெருவில் மட்டும் நடக்கக்கூடியதைத் தேடுங்கள். ஆ. மாதவன் சாலையில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே அந்தக் கடைத்தெருவை எழுதினார். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவருக்கு அந்தத் தெருவே போதுமாக இருந்தது. 1968இல் வெளிவந்த 'தலைமுறைகள்' நாவலில் நீல பத்மநாபன் இரணியல் பேச்சை வெட்டிச் சீர்படுத்தவில்லை. நம் வாயில் புரளும் சாயாவையும் சேச்சியையும் கவிதையில் பயந்து அழிக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: 'வெள்ளம்' என்று நாம் குடிதண்ணீரைச் சொல்வோம், மதுரையில் இருக்கும் நடுவர் பெருவெள்ளம் என்று படிப்பார். பக்கத்தில் ஒரு குடமோ தம்ளரோ இருந்தால் அவருக்குப் புரிந்துவிடும், அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

முதல் மூன்று வரிகளில் உழையுங்கள். கட்டுக்கட்டாக வாசிக்கிறவரின் கண் அங்கேதான் முடிவு செய்கிறது. கடைசி வரியில் கருத்துச் சொல்லி முடிக்கும் பழக்கம் போட்டிக் கவிதைகளின் பொது நோய். பல கவிதைகளில் கடைசி இரண்டு வரியை வெட்டினால் கவிதை நிமிர்ந்து உட்காரும். வெட்டிப் பாருங்கள்.

அனுப்பும் வேலை

இது அலுவலக வேலை, அலுவலக ஒழுங்கோடு செய்ய வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் அவர்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு கவிதைக்கு ஒரு பக்கம். 24 வரிக்கு மிகாமல் என்றால் 24, 25 இல்லை. கவிதைப் பக்கத்தில் பெயர் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தால் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறுதிமொழி, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தனித் தாளில். வங்கிக் கணக்கு விவரத்தைப் பரிசு அறிவித்த பிறகு கொடுத்தால் போதும், ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

தபாலில் கேட்டிருந்தால் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே புளிமூட்டில் உள்ள ஜி.பி.ஓ.வுக்குப் போய் ஸ்பீட் போஸ்ட் போடுங்கள். கடைசித் தேதி என்பது தபாலில் சேர்க்கும் தேதியா, அவர்களுக்குக் கிடைக்கும் தேதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, கவிதையின் பெயர், எங்கே அனுப்பியது, அனுப்பிய தேதி, முடிவு வரும் தேதி, என்ன ஆயிற்று என்று எழுதிவாருங்கள். முடிவு தேதி தாண்டி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் கவிதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி. அன்றே அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடலாம். தோற்ற கவிதை கெட்ட கவிதை என்று எண்ணி அழிக்காதீர்கள். ஐந்து நடுவர்கள் தள்ளிய கவிதையை ஆறாவது பதிப்பாசிரியர் முகப்பில் போடுவது நடக்கிற காரியம்தான்.

தொகுப்பை நோக்கி

நோட்டில் "அச்சானது" என்ற கட்டம் பதினைந்து இருபது ஆனதும், மொத்தம் அறுபது கவிதை சேர்ந்ததும், பதிப்பகத்தை அணுகலாம். எந்தக் கவிதை எந்த இதழில் வந்தது என்ற பட்டியலை முகப்புக் கடிதத்தில் வையுங்கள். போட்டிப் பரிசுகளில் பெரிய இரண்டு மூன்றை மட்டும் சொல்லுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு நூல் வெளியிட நிதியுதவி தரும் திட்டம் தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறையில் இருக்கிறது. அங்கேயும் தகுதிப் பத்தியை முதலில் படியுங்கள்.

புத்தகம் கையில் வந்த பிறகு திறக்கும் கதவுகள் வேறு. சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011 முதல் வழங்கப்படுகிறது. விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று 35 வயதைத் தாண்டாதவர்களுக்கு, 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். தமிழில் 2013இல் கதிர்பாரதி, 2017இல் மனுஷி, 2019இல் சபரிநாதன், 2020இல் சக்தி, 2022இல் ப. காளிமுத்து என்று கவிதை நூல்கள் பலமுறை அதைப் பெற்றிருக்கின்றன. அகாதெமி விளம்பரம் வெளியிட்டுப் புத்தகங்களைக் கேட்கிறது, எனவே பதிப்பாளர் அனுப்புவார் என்று காத்திருக்காமல் நீங்களே கவனியுங்கள். திருப்பூர் தமிழ்ச் சங்கம், தமுஎகச, கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம், கவிஞர் ஆத்மாநாம் அறக்கட்டளை ஆகியவை தொகுப்புகளுக்குப் பரிசு தருகின்றன. விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2017 முதல் இளம் கவிஞர்களுக்குத் தரும் குமரகுருபரன் விருதுக்கு விண்ணப்பமே கிடையாது, வாசித்துத் தேர்கிறார்கள். 2022இல் அதைப் பெற்ற ஆனந்த்குமார் திருவனந்தபுரத்தில் வசிக்கும் புகைப்படக் கலைஞர். 'டிப் டிப் டிப்' அவருடைய முதல் தொகுப்பு. இந்த ஊரில் இருந்துகொண்டு தமிழ்க் கவிதையில் இடம் பிடிக்க முடியுமா என்று கேட்கிறவர்களை அந்தப் புத்தகத்தை வாங்கச் சொல்கிறேன்.

கடைசியாக, சின்னதாகத் தோன்றும் ஒரு விஷயம். புனைபெயரில் எழுதுவதென்றால் முதல் போட்டியிலேயே ஒரு பெயரை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே, அதே எழுத்துக்கூட்டில் பயன்படுத்துங்கள். விண்ணப்பத்தில் புனைபெயரையும் ஆதாரில் உள்ள பெயரையும் தனித்தனியாக எழுதுங்கள், காசோலை எந்தப் பெயருக்கு என்றும் குறிப்பிடுங்கள். சாலைப் பையனுக்கு இந்த மார்ச்சில் ஒரு சிற்றிதழ்ப் போட்டியில் இரண்டாம் பரிசு வந்தது. கவிதை அச்சாகிவிட்டது, இரண்டு பிரதியும் வீட்டுக்கு வந்தன. காசோலை புனைபெயருக்கு எழுதப்பட்டிருந்ததால் வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறான். இதழின் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து, பிளாஸ்டிக் ஃபைலின் முதல் உறையில் வைத்திருக்கிறான்.